ஸ்கைடைவிங் படம் எடுக்க எந்தக் கேமரா?

கேமரா வாங்கும்போது நாம் வழக்கமாக அலசுகிற விஷயங்களில் பாதிக்கு மேல் ஸ்கைடைவிங்கில் உதவாது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் எவ்வளவு தெளிவு, திரை எந்தப் பக்கமெல்லாம் திரும்புகிறது, கைப்பிடி வாகாக இருக்கிறதா என்பதெல்லாம் தரையில் நின்று படம் எடுப்பவருக்கான கேள்விகள். வானத்தில் கேமரா உங்கள் ஹெல்மெட்டின் மேல் இருக்கும். அதைப் பார்க்கவும் முடியாது, தொடவும் கூடாது. கைகள் இரண்டும் பறப்பதற்கு வேண்டும்.

நேரமும் கொஞ்சம்தான். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறினால், பாராசூட்டை விரிக்கும் வரை ஐம்பது, அறுபது வினாடி கிடைக்கும். வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர். தலைகீழாக விழும் ஃப்ரீஃப்ளை என்றால் 250ஐத் தாண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் எதிரில் இருப்பவரின் உயரத்துக்குச் சரியாக உடலை ஏற்றி இறக்க வேண்டும், தூரத்தைக் காக்க வேண்டும், உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்க்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக நகர வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் படம். அந்த நேரத்தில் உங்கள் கவனத்தைத் துளியும் கேட்காத கேமராதான் என் கணக்கில் நல்ல கேமரா. கீழே வரும் ஒவ்வொரு வகையையும் முதலில் அந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன். படத்தின் தரம் அதற்கு அடுத்தபடிதான்.

யார் வாங்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ, குறைந்தது 200 குதிப்புகளுக்குப் பிறகே கேமரா மாட்டப் பரிந்துரைக்கிறது. டிராப்சோன் எனப்படும் ஒவ்வொரு குதிக்கும் தளத்துக்கும் இதில் தனி விதி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். "சின்ன ஆக்ஷன் கேமராதானே, பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிட்டால் போச்சு" என்று புதிதாக உரிமம் வாங்கியவர்கள் சொல்வதுண்டு. மறக்க முடியாது என்பதுதான் சிக்கல். கேமரா தலையில் ஏறிய நிமிடத்திலிருந்து மனம் படத்தைத் தேட ஆரம்பித்துவிடும். உயரம், பக்கத்தில் பறப்பவர்கள், விரிக்கும் நேரம் எல்லாம் பின்னுக்குப் போகும்.

இதில் அனுபவசாலிக்கும் விலக்கு இல்லை. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், மாணவர் ஒருவரைப் படம் பிடிப்பதற்காகப் பாராசூட் மாட்டாமலே விமானத்திலிருந்து குதித்து இறந்துபோனார். வீடியோ கருவியின் கனம் முதுகில் இருந்ததால் பாராசூட் இல்லாதது அவருக்கு உறைக்கவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அன்றைக்கு இருந்த கருவிகளோடு ஒப்பிட்டால் இன்றைய கேமரா ஒரு பொருட்டே இல்லாத அளவுக்குச் சிறியது. ஆனால் அது கவனத்தை இழுக்கும் விதம் மாறவில்லை.

கழுத்தும் கயிறும்

சரி, தகுதி இருக்கிறது, வாங்கப் போகிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை. பாராசூட் சாதாரணமாக விரிந்தாலே உடல் தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு விசையை வாங்கும். முரட்டுத்தனமாக விரிந்தால் இன்னும் அதிகம். தலையில் கூடுதலாக ஏறிய ஒரு கிலோ, அந்த நொடியில் மூன்று நான்கு கிலோவாகக் கழுத்தைப் பிடித்து இழுக்கும். அதே நேரத்தில் தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கதை இன்னும் மோசம். ஒரு நாளில் பல முறை குதிக்கிறவர்களுக்குக் கழுத்து வலி சீக்கிரமே தொழில் வலியாகிவிடும்.

பேட்டரியும் கார்டும் சேர்த்து எடைகளை வரிசையாகப் பாருங்கள். ஆக்ஷன் கேமராவான கோப்ரோ ஹீரோ 12 சுமார் 154 கிராம். சோனி ஏ5100 சுமார் 283, ஏ6000 சுமார் 344, ஏ6400 சுமார் 403. கேனன் 250டி சுமார் 449. ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் கேமராக்களில் சிறியது என்று பெயர் வாங்கிய சோனி ஏ7சி 2 சுமார் 514. லென்ஸ் இதற்கு மேல். சோனியின் தட்டையான 16 மி.மீ. லென்ஸ் 67 கிராம்தான். கேனனின் 24 மி.மீ. தட்டை லென்ஸ் 125 கிராம். சோனி கேமராக்களில் போடும் பெரிய அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) லென்ஸ்கள் சில 400 கிராமைத் தொடும், அதாவது கேமராவின் எடைக்கே வந்துவிடும். லென்ஸ் கனமாக இருந்தால் எடை நெற்றிக்கு முன்னால் போய் நிற்கும். கழுத்துக்கு அது இன்னும் கூடுதல் சுமை. மொத்த எடையோடு சேர்த்து, அது தலையின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது கயிறு. பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் தலைக்கு மிக அருகில் பாய்ந்து போகும். ஹெல்மெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் அவற்றுக்குக் கொக்கிதான். இந்த விஷயத்தில் சின்ன கேமரா பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. நெட்டுக்குத்தாக நிற்கும் பிளாஸ்டிக் மவுன்ட்டில் செருகிய ஆக்ஷன் கேமரா, ஹெல்மெட்டோடு ஒட்டி டேப் போட்டு மூடிய மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவைவிட எளிதாகக் கயிற்றைப் பிடித்துவிடும். கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அதை அடைக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றி எறியும் தாடைப்பட்டி கட்டாயம். குக்கீ, டான்ஃப்ளை போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே ஹெல்மெட் செய்கின்றன. கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை ஹெல்மெட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கேமராவைத் தேடுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆக்ஷன் கேமரா

எடையில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஃபோகஸ் நிலையானது, எதையும் தேடி முன்னும் பின்னும் ஓடாது. ஒரு பட்டன், பதிவு ஆரம்பம். அசைவைச் சமன் செய்யும் மென்பொருள் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. காற்றில் ஹெல்மெட் அதிர்வது வீடியோவில் தெரிவதே இல்லை. நண்பர்களோடு பறப்பதை நினைவுக்கு வைத்துக்கொள்ள, பயிற்சிக்குப் பிறகு யார் எங்கே தவறவிட்டார்கள் என்று உட்கார்ந்து பார்க்க, இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பயணியைத் தங்கள் உடலோடு கட்டிக்கொண்டு குதிக்கும் டேன்டம் பயிற்றுநர்கள் பலர் இதையே இடது மணிக்கட்டில் கையுறை போன்ற மவுன்ட்டில் மாட்டிக்கொண்டு, பயணியின் முகத்தை நேர் எதிரிலிருந்து பிடிக்கிறார்கள். தனியாகக் கேமராக்காரர் தேவையில்லாமல் போன இடங்கள் பல.

புகைப்படம் என்று வரும்போதுதான் தயக்கம். கோப்ரோ ஹீரோ 11லிருந்து 27 மெகாபிக்சல் படம் எடுக்கிறது, வீடியோவிலிருந்தே 24.7 மெகாபிக்சல் பிரேமை உருவ முடிகிறது. எண்ணைப் பார்த்தால் பெரிய கேமராவுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் அகன்ற பார்வை, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 16 மி.மீ. லென்ஸ் அளவுக்கு விரிகிறது. நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளிப் பறந்தால், படத்தின் அகலத்துக்குள் ஐந்தரை மீட்டருக்கு மேல் வானம் வந்துவிடும். ஆள் நடுவில் சிறிதாகத் தெரிவார். பார்வையைக் குறுக்கிக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் அது சென்சாரின் ஒரு பகுதியை வெட்டித்தான் குறுக்குகிறது.

முகத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 15 செ.மீ. அகலமுள்ள முகம், இரண்டரை மீட்டர் தூரம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது, அதனால் அதே லென்ஸின் பார்வை குறுகும்) 16 மி.மீ. லென்ஸ் போட்டால் படத்துக்குள் வருவது 3.75 மீட்டர் அகலம், அதற்கு 6,000 பிக்சல். முகத்துக்குச் சுமார் 240 பிக்சல் கிடைக்கும். ஆக்ஷன் கேமராவின் 27 மெகாபிக்சல் படத்தில் அதே முகத்துக்குத் தோராயமாக 150. அதன் 4கே வீடியோவிலிருந்து உருவிய பிரேமில் நூறு. இது வெறும் எண்ணிக்கைதான். சிறிய சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறைவு, வீடியோ பிரேம் என்றால் சுருக்கும்போது தோலின் நுணுக்கம் கொஞ்சம் வழிந்துவிடும். கைபேசித் திரையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டும்போது தெரியும்.

இன்னொன்று வெளிச்சம். டேன்டம் பயணியின் முகம் கீழே பார்த்திருக்கிறது, அவருடைய உடலும் மேலே இருக்கும் பயிற்றுநரும் சேர்ந்து அதன்மேல் நிழல் போடுகிறார்கள். பின்னணியில் கண் கூசும் வானம். தானியங்கிக் கேமரா வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்க, முகம் கருத்துப்போகும். அப்புறம் கணினியில் நிழலைத் தூக்கினால் சிறிய சென்சாரின் படத்தில் தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். கீழே வெள்ளை மேகம் பரந்திருக்கும் நாளில் இந்தத் தொல்லையே இருக்காது, மேகமே கீழிருந்து முகத்துக்கு ஒளி கொடுத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் ஆக்ஷன் கேமராவிலும் அருமையான படம் வரும். ஆனால் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாதே.

ஆக்ஷன் கேமராவைப் புகைப்படத்துக்கே பயன்படுத்துவதென்றால், அரை வினாடிக்கு ஒரு படம் எடுக்கும் டைம்லேப்ஸ் முறையில் விடுங்கள். ஒரு நிமிடத்தில் 120 படம். எப்போது எடுப்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்காது, சிரிப்பு வரும் நொடிக்கும் ஷட்டர் விழும் நொடிக்கும் சம்பந்தம் இருக்காது. இருந்தாலும் கவனம் சிதறாது. முதல் சில குதிப்புகளுக்கு அதுவே நல்லது. விமானத்தில் காத்திருக்கும்போதே அதிகத் தெளிவில் வீடியோவை ஓடவிடாதீர்கள். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் இந்தச் சின்னக் கேமராக்கள் சூடேறி, கதவு திறக்கும் நேரம் பார்த்து அணைந்துவிடும். கேமரா ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, கண்ணோரத்தில் தெரியும் சின்ன விளக்கு ஒன்றை இணைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் "சிவப்பு எரியுதா?" என்று கேட்கும் வேலை மிச்சம்.

360 பாகைக் கேமராக்கள்

இன்ஸ்டா360 எக்ஸ்4 போன்றவை எதையும் குறிபார்க்க வேண்டாம் என்கிற அளவில் என் அளவுகோலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. சுற்றிலும் எல்லாமே பதிவாகும், கோணத்தைத் தரைக்கு வந்து தேர்ந்தெடுக்கலாம். குழுவாகப் பறப்பதை வீடியோ எடுக்க இதைப்போல் மகிழ்ச்சியான கருவி வேறு இல்லை. ஆனால் 8கே என்பது முழு வட்டத்துக்கும் சேர்த்து. அதில் 90 பாகைக் காட்சியை வெட்டினால் கையில் நிற்பது ஏறத்தாழ 1,920 பிக்சல் அகலம்தான். மேலே சொன்ன முகத்துக்கு இதில் எழுபது சொச்சம் பிக்சல். புகைப்படத்துக்கு ஆகாது. தவிர, இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் லென்ஸ்களால் இதை ஹெல்மெட்டோடு ஒட்டி வைக்க முடியாது, குச்சியில் தூக்கித்தான் நிறுத்த வேண்டும். தலையில் குச்சி என்றால் கயிறு மாட்டும் என்று அர்த்தம். கையில் பிடிப்பதென்றால் ஒரு கை போய்விடுகிறது, கைப்பட்டி அறுந்தால் கீழே இருப்பவர்கள் தலைக்கு ஆபத்து. நன்கு பழகியவர்கள் மட்டும் தொடட்டும்.

இடையில் ஒரு இனம்

ஒரு அங்குல சென்சார் கொண்ட சிறிய கேமராக்களைப் பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை. சோனி ஆர்எக்ஸ்0 வரிசை மட்டும் விதிவிலக்கு. 2019ல் வந்த ஆர்எக்ஸ்0 2 வெறும் 132 கிராம், 24 மி.மீ. கோணம், 15 மெகாபிக்சல், உலோக உடல். ஆக்ஷன் கேமராவின் எடையில் அதைவிடப் பெரிய சென்சார் என்பதால் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். லென்ஸ் வெளியே நீண்டு வரும் பாக்கெட் கேமராக்களை மட்டும் வேண்டாம் என்பேன். நீளும் மென்மையான குழாயை மணிக்கு 200 கிலோமீட்டர் காற்றில் நீட்டி வைப்பது சரிப்படாது.

ஏபிஎஸ்-சி: மிரர்லெஸ்ஸா, டிஎஸ்எல்ஆரா

புகைப்படம்தான் நோக்கம் என்றால் போட்டி இங்கேதான். பல வருடங்கள் கேனனின் சின்ன டிஎஸ்எல்ஆர்கள் ஸ்கைடைவிங் ஹெல்மெட்டுகளை ஆண்டன. காரணம் படத்தின் தரம் மட்டும் அல்ல, பக்கவாட்டில் இருக்கும் 2.5 மி.மீ. ரிமோட் துளை. அதில் வயரைச் செருகி, மறுமுனையில் இருக்கும் சின்ன சுவிட்சை வாயில் வைத்துக்கொள்ளலாம். பல்லால் கடித்தால் படம். நாக்கால் அழுத்தும் வகையும், ஊதினால் வேலை செய்யும் வகையும் இருக்கின்றன. கடிக்கும் வகை குளிரில் தாடை இறுகும்போது தானாகவே படம் எடுத்துத் தள்ளும். நாக்கு வகைக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், பிறகு அது சுகம்.

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி உள்ள கேமரா, அதன் பெருமையே வ்யூஃபைண்டர். வானத்தில் யாரும் அதற்குள் பார்ப்பதில்லை. ஆகவே கண்ணாடியும் அதன் மேல் உள்ள கூம்பும் வெறும் சுமை. குறிபார்ப்பது கண்ணுக்கு முன்னால் தொங்கும் ரிங் சைட் என்ற சின்ன வளையக் கண்ணாடி வழியாகத்தான். அதன் மையத்தையும் லென்ஸின் மையத்தையும் தரையிலேயே ஒத்துப்போக வைத்துவிட்டால், நீங்கள் பார்க்கும் இடம்தான் படம். மிரர்லெஸ் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஏ6000ஐயும் 16 மி.மீ. லென்ஸையும் சேர்த்தாலே 411 கிராம். 250டியும் 24 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் 574. உயரமும் மிரர்லெஸ்ஸில் குறைவு, அதனால் கயிற்றுக்கு அகப்படுவதும் குறைவு.

டிஎஸ்எல்ஆருக்கு மிச்சமிருக்கும் ஒரே பலம் பேட்டரி. திரையை அணைத்துவிட்டால் அது தூங்கும், சுவிட்சை லேசாக அழுத்தினால் உடனே விழிக்கும். மிரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் விழித்திருக்கும், பேட்டரி கரையும். உயரம் கூடக் கூடக் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால் 4,000 மீட்டரில் தரையைவிட 26 டிகிரி குளிர். சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் ஒரு உதிரி பேட்டரி வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. இதற்காக டிஎஸ்எல்ஆர் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால், எடையைக் கழுத்து தாங்குமானால், அதையே மாட்டுங்கள். அதைவிட நல்ல படம் புதுக் கேமரா எடுக்கப்போவதில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், புதிய மாடல்கள் பெருமையாக விற்கும் வசதிகள் எல்லாம் இங்கே சும்மா கிடக்கும். ஆட்டோஃபோகஸை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரைக் குறுக்கி எஃப்/8ல் வைத்து, ஃபோகஸை 1.6 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 80 செ.மீ. தொடங்கி அடிவானம் வரை எல்லாமே தெளிவு. விமானத்திலிருந்து வெளியேறும் நொடியில் எதிரில் இருப்பவர் ஒரு மீட்டரில் இருந்தாலும், பிறகு ஐந்து மீட்டருக்கு நழுவினாலும் கவலை இல்லை. கேமராவை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தைத் திருப்பி நிறுத்தி, அதன் மேல் துணி டேப்பை ஒரு சுற்று இறுக்கி ஒட்டிவிடுவது வழக்கம். அந்தத் தட்டை லென்ஸ் ஓரங்களில் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எஃப்/8ல் அது தெளிந்துவிடும், தவிர ஓரத்தில் இருக்கப்போவது வானம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 16 மி.மீ. உட்பட சோனியின் பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் மின்னணு வழியாக இயங்குகிறது, கேமராவை அணைத்துப் போட்டால் ஃபோகஸ் இடம் மாறிவிடலாம். அப்படிப்பட்ட லென்ஸ் என்றால் விமானம் ஏறும் முன் ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது முழுக்கக் கையாலேயே திருகும் சாம்யாங் 12 மி.மீ. போன்ற லென்ஸைப் போடுங்கள். அது 245 கிராம், எடைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் அசைவுத் தடுப்பும் இப்படித்தான். 1/1000 வினாடியில் எடுக்கும் படத்துக்கு அது தேவையே இல்லை. நீங்களும் எதிரில் இருப்பவரும் ஒரே வேகத்தில் விழுகிறீர்கள். கேமராவின் கண்ணுக்குத் தெரிவது உங்கள் இருவருக்கும் இடையிலான சிறிய அசைவும் காற்றில் தலை ஆடுவதும்தான். அதற்கு 1/1000 போதும். வினாடிக்கு முப்பது படம் என்பதும் வேண்டாம், ஐந்து போதும். அதற்கு மேல் எடுத்தால் பத்துப் பேரை எடுத்த நாளின் மாலையில் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தே விடிந்துவிடும். ஓசையற்ற எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தொடவே வேண்டாம். சென்சார் வரி வரியாகப் படிப்பதால், ஹெல்மெட் அதிரும்போது நேர்கோடுகள் நெளியும். சாதாரண மெக்கானிக்கல் ஷட்டர்தான் சரி.

பதிலுக்குப் பார்க்க வேண்டியவை வேறு. ரிமோட் வயர் செருகும் வசதி உண்டா? இப்போது வரும் சில சின்னக் கேமராக்களில் அது இல்லை, ப்ளூடூத் மட்டும்தான். அப்படிப்பட்டவை நம் பட்டியலிலேயே வரக்கூடாது. கேனனின் மிக மலிவான டிஎஸ்எல்ஆரான 4000டியிலும் இந்தத் துளை இல்லை. மோடு டயல் எளிதில் சுழலுமா? நெருக்கியடித்து உட்காரும் விமானத்தில் யாருடைய முழங்கையாவது பட்டு அது திரும்பிவிடும், அதன் மேலும் ஒரு துண்டு டேப். தொடுதிரையை அணைக்க முடியுமா? தானே அணையும் நேரத்தை அரை மணி வரை நீட்டிக்க முடியுமா? ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழுமாறு வைக்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு 2014ல் வந்த ஏ6000ம் நிறைவான பதில் சொல்கிறது. அதனால்தான் இன்றும் அதைப் பல ஹெல்மெட்டுகளில் பார்க்கிறோம்.

ஃபுல் ஃப்ரேம்

அழகான படம் வரும், சந்தேகமே இல்லை. சூரியன் சாயும் நேரத்துக் கடைசி விமானத்தில், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) ஏற்றியும் தோலின் நிறம் கெடாமல் வருவதைப் பார்க்கும்போது ஆசை வரத்தான் செய்யும். ஏ7சி 2ல் 24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் போட்டால் 676 கிராம். ஏ6000 ஜோடியைவிடக் கால் கிலோவுக்கு மேல் கூடுதல். பட்டப்பகலில் எஃப்/8ல் எடுக்கும் படத்தில் அந்தக் கால் கிலோவுக்கு என்ன லாபம் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போட்டிகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் எடுத்து அதிலேயே வாழ்கிறவர்களுக்கு இது நியாயம். சோனி ஏ9 3ன் குளோபல் ஷட்டர் சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்பதால், மேலே சொன்ன நெளிவுத் தொல்லை அதில் இல்லை. தொழில்நுட்பமாக எனக்கு அது மிகப் பிடித்திருக்கிறது. அது சின்ன உடலில் வரும் நாளுக்குக் காத்திருக்கிறேன், இப்போதைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு

நினைவுக்காகவும் பயிற்சிக்காகவும் எடுப்பவர் ஆக்ஷன் கேமராவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹெல்மெட்டில் தாழ்வாக, அதன் வளைவோடு ஒட்டி உட்காரும் மவுன்ட் வாங்குங்கள். கேமராவில் மாடல் ஒன்றிரண்டு பழையதானாலும் பரவாயில்லை, மவுன்ட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டேன்டம் பயணிகளைக் காசுக்கு எடுக்க நினைப்பவருக்கு ஒரு கேமரா போதாது. மேலே ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், அதற்கு 16 மி.மீ. லென்ஸ், முன்னாலோ பக்கத்திலோ வீடியோவுக்கு ஒரு ஆக்ஷன் கேமரா. இரண்டையும் தலையின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். வீடியோ தானாக ஓடும், நாக்கு புகைப்படத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். ஆக்ஷன் கேமராவோடு மட்டும் பறந்து, அது தலையில் இருப்பதே உறைக்காத நிலை வந்த பிறகு அடுத்ததை ஏற்றுங்கள்.

நான்கு பேர், எட்டுப் பேர் கைகோர்த்துப் பறப்பதை மேலிருந்து எடுப்பவருக்கும் இதே ஏபிஎஸ்-சிதான், லென்ஸ் மட்டும் மாறும். நாலு பேருக்கு மேலே மூன்று மீட்டரில் பறந்தால் 16 மி.மீ.யில் நாலரை மீட்டர் அகலம் வரும், எல்லோரும் அடங்குவார்கள். ஆள் கூடக் கூட நீங்கள் மேலே போக வேண்டும், அல்லது 10, 12 மி.மீ.க்கு இறங்க வேண்டும். அகலம் கூடினால் ஓரத்தில் இருப்பவரின் காலும் கையும் நீண்டு கோணலாகும். எனக்கு மேலே போவதுதான் பிடிக்கும்.

ஃப்ரீஃப்ளையில் எல்லோரும் எல்லாப் பக்கமும் நகர்வதால் எடை குறைந்ததுதான் ராஜா. ஏ5100, 16 மி.மீ. லென்ஸ், மொத்தம் 350 கிராம். வ்யூஃபைண்டர் இல்லாத மாடல் என்று தரையில் ஒதுக்கப்படுவது இங்கே அப்படியே லாபமாகிறது.

இவற்றில் பலவும் இப்போது கடையில் புதிதாகக் கிடைக்காது, பழையதாகத்தான் தேட வேண்டும். வாங்கப் போகும்போது வாய் சுவிட்சையும் அதன் வயரையும் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். வயரை லேசாக ஆட்டியபடியே இருபது முப்பது படம் எடுங்கள். துளை தளர்ந்திருந்தால் இடையிடையே ஷட்டர் விழாமல் போகும். தரையில் அது சின்னக் குறை, வானத்தில் அந்தப் பயணிக்குப் படமே இல்லை. லென்ஸை மாட்டிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், மவுன்ட்டில் அசைவு இருந்தால் வேண்டாம். ட்ரைபாட் திருகு ஏறும் ஓட்டையின் புரி தேய்ந்திருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள், கேமராவை ஹெல்மெட்டில் பிடித்து நிறுத்தப்போவது அந்த ஒரு திருகுதான். திரையில் கீறல் இருக்கிறது, கைப்பிடி ரப்பர் உரிந்திருக்கிறது என்றால் கவலைப்படாமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.